இறக்கத்தில் அணைத்த வண்டி

காசு கொடுத்துக் குளிரில் நடுங்குகிறவர்களைத் துலுக்காணம் ஐம்பத்தெட்டாம் வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தார். கனடாவில் ஒரு மலையடிவாரக் கொட்டகை. வெள்ளைக்காரர் எட்டுப் பேர், அப்புறம் இவர், இவர் மகன் முரளி. எல்லாருக்கும் யானைக்குத் தைத்த மாதிரி ஒரு உடுப்பு, தலையில் ஹெல்மெட், தூக்கி வைக்க முடியாத பூட்ஸ். பனியாற்றின் மேல் ஸ்னோமொபைலில் சுற்றிக் காட்டுவார்களாம். பனியாறு ஓடுமாம், ஆனால் கண்ணுக்குத் தெரியாதாம். நம்ம சுவர்ணமுகி ஆறும் வருஷத்தில் பாதி நாள் அப்படித்தான் கிடக்கிறது. அதைப் பார்க்க ஒருத்தனும் டிக்கெட் வாங்கியதில்லை.

துலுக்காணம் வண்டியில் பிறக்கவில்லை. நிலமில்லாத வீட்டில் பிறந்தார். ஆந்திரச் சித்தூர் மாவட்டத்தில் புத்தலப்பட்டுப் பக்கம் ஊர். ஆறாம் வகுப்போடு லாரிக்குக் கிளீனராக ஏறினவர், தொண்ணூற்று நாலில் ஊரே எதையாவது வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு டெம்போ வாங்கினார். பலமனேர்த் தக்காளியைச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் இறக்கினார். அந்தத் தக்காளிதான் முரளியை இன்ஜினியரிங் படிக்க வைத்தது. படித்தவன் ஹைதராபாத் போனான், அங்கிருந்து கனடா போனான், போனதும் அப்பன் டெம்போ ஓட்டுவது அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

அவர் வந்து இறங்கினதிலிருந்து பத்து நாளும் அவனுக்கு ஒரே பாட்டுத்தான்.

"வித்துட்டு ஊட்ல உக்காரு நைனா. என் மாமனாரு போன்ல கேக்குறாரு, இன்னுமா டெம்போ ஓட்டிக்கினு கீறாருன்னு. எனக்கு இன்னா பதில் சொல்றதுன்னு தெரியல."

"ஓட்டிக்கினுதான் கீறாருன்னு சொல்லு. அவரு ரிடையர் ஆயி பேப்பர் படிச்சிக்கினு கீறாரே, அத நான் கேட்டனா?"

"உனக்கு வயசாயிடுச்சி."

"எனக்கு ஆச்சி. ஸ்டியரிங்குக்கு ஆவல."

கொட்டகையில் அந்த வண்டியைப் பார்த்ததும் துலுக்காணம் முகத்தைச் சுளித்தார். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் டிராக்டர் பெல்ட் மாதிரி ஒரு பட்டை. சக்கரம் என்று ஒன்று இல்லை. ஆக்சிலேட்டர் காலுக்கு இல்லை, கட்டைவிரலுக்கு.

"இதெல்லாம் ஒரு வண்டியா? நான் ஓட்டுறேன், நீ பின்னால உக்காரு."

முரளி அங்கேதான் அவரைப் பிடித்தான். "சரி. திரும்பி வர்ற வரிக்கும் யாரும் வந்து உனுக்கு ஒதவி பண்ணக் கூடாது. பண்ணாம வந்துட்டா, டெம்போ பேச்சே எடுக்க மாட்டேன். ஒதவின்னு ஒருத்தர் கை வெச்சாங்கன்னா, ஊருக்குப் போனதும் விக்கணும்."

"வித்துர்றேன்" என்றார் துலுக்காணம், யோசிக்காமல். நாற்பது வருஷத்தில் ஒருத்தனும் அவர் ஓட்டின வண்டியைத் தள்ளியதில்லை.

வழிகாட்டி ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். அவள் தடத்தை விட்டு ஒரு அடி விலகினாலும் பனிக்குள்ளே பிளவு இருக்கும், விழுந்தால் எடுக்க முடியாது என்றாள். முரளி மொழிபெயர்த்தான். துலுக்காணம் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளப்பினார்.

ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார். மற்ற வண்டிகள் திருப்பத்தில் கோழி மாதிரி தடுமாறின. கடைசியில் வந்த இவர் வண்டி கோடு போட்டது போல் போனது. மேலே நிறுத்தியபோது நீல நிறத்தில் ஒரு ஐஸ் சுவர். வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்து போட்டோ எடுத்தார்கள். துலுக்காணம் ஒரு பார்வை பார்த்தார்.

"இத்தப் பாக்கவா இத்தினி தூரம்? மீன் மார்க்கெட்டுல இத்தவிடப் பெரிய கட்டி கீது."

"சும்மா இரு நைனா."

பிறகு இறக்கம் வந்தது. நீளமான, நேரான, வெள்ளை இறக்கம்.

பலமனேரிலிருந்து மொகிலி மலை இறங்கும்போது துலுக்காணம் இன்ஜினை ஓட விட்டதே இல்லை. உச்சியில் நியூட்ரல், சாவியைத் திருப்பு, அவ்வளவுதான். இறக்கத்தில் எண்ணெய் எரிக்கிறவன் வீட்டில் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு தூங்குகிறவன் என்பது அவர் கட்சி. கை தானாகப் போனது. சாவியைத் திருப்பிவிட்டார்.

சக்கரம் இருந்தால்தானே உருளும். பட்டை பனியைக் கவ்விக்கொண்டது. வண்டி நாலு கஜம் இழுத்து, நடு இறக்கத்தில் சண்டி மாடு மாதிரி படுத்துவிட்டது. முன்னால் போனவர்கள் வளைவுக்கு அப்பால் மறைந்தார்கள்.

"இன்னா பண்ணே?" என்றான் முரளி.

"ஒண்ணும் இல்ல. அணைச்சேன்."

"ஏன்?"

"இறக்கம்டா."

மறுபடி கிளப்பிக் கட்டைவிரலை அழுத்தினார். பட்டை தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு பின்பக்கம் புதைந்தது. இறங்கினார், தொடை வரை உள்ளே போனது. சேற்றில் மாட்டின டெம்போவுக்குச் செய்வதுபோல் பட்டைக்கு முன்னால் மிதித்து மிதித்துத் தடம் கட்டினார். இன்னும் பத்து நிமிஷம் இருந்தால் எடுத்திருப்பார். அதற்குள் தலையை எண்ணிப் பார்த்து இரண்டு குறைகிறதென்று அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் பின்கம்பியைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு என்னவோ கேட்டாள்.

"இன்னாவாம்?"

"உடம்பு சரியில்லையான்னு கேக்குறா. பெட்ரோல் மிச்சம் பண்ண அணைச்சாருன்னு நான் எப்படி சொல்றது? டெம்போவ எப்ப விக்கிறே?"

திரும்பும்போது மகன் ஓட்டினான். அப்பன் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

ஊருக்கு வந்த மறுவாரம் டெம்போவை விற்றார். வாக்கு வாக்குதான். வாங்கினவன் பக்கத்துத் தெரு முனிகிருஷ்ணன். அவனுக்கு ஓட்டத் தெரியாது, டிரைவர் தேடிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் பழைய சீட்டில் பழைய ஆளே உட்கார்ந்தார். விற்கத்தான் சொன்னான் மகன். ஓட்டக் கூடாதென்று பந்தயத்தில் இல்லை.

தக்காளி ஏற்றி மொகிலி இறக்கத்தில் வரும்போது போன் அடித்தது. முரளிதான். பக்கத்திலிருந்த முனிகிருஷ்ணன் போனை இவர் காதில் வைத்துப் பிடித்தான். இன்ஜின் வழக்கம்போல் அணைந்திருந்தது. காற்று மட்டும் வீசியது.

"வித்தாச்சா நைனா?"

"வித்தாச்சி."

"காத்து சத்தமா கேக்குது. ஊட்லதானே கீறே?"

துலுக்காணம் ஸ்டியரிங்கை வளைவுக்கு ஒடித்தார்.

"உக்காந்துகினுதாண்டா கீறேன்" என்றார்.