டேங்கில் விழுந்த அடி

போன மாதம் மச்சினன் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. பாகலூரைத் தாண்டி, கர்நாடக எல்லையைத் தொடாமல் நிற்கிற ஒரு ரிசார்ட்டில் வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு சிமெண்ட் மேடை. அதன்மேல் பழைய செயின் வண்டி ஒன்றை ஏற்றி, பளீரென்று மஞ்சள் பெயிண்ட் அடித்து, சுற்றிலும் விளக்குப் போட்டிருந்தார்கள். செயின் வண்டி என்றால் டயருக்குப் பதில் இரும்புப் பட்டையின் மேல் ஊர்கிற டிராக்டர். பட்டாளத்து வண்டியில் பீரங்கியைப் பிடுங்கிக்கொண்டு ஏரைக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

கிட்டே போனேன். புது பெயிண்ட் வாசனைக்கு அடியில் பழைய கிரீஸும் டீசலும் சேர்ந்த ஒரு நாற்றம் ஒளிந்திருந்தது. மூக்கில் ஏறியதும் என் இடது கன்னம் சுரீரென்றது. என் மூளையைவிடக் கன்னத்துக்கு ஞாபகசக்தி அதிகம். அடி வாங்கியது அதுதானே.

இந்தக் கன்னத்துக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்கப் போனபோது மாமனார் கேட்டார். காட்டில் யானை தும்பிக்கையால் அறைந்துவிட்டது என்றேன். அவர் தேன்கனிக்கோட்டைக்காரர், வருஷா வருஷம் ராகியை யானைக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுத்து வருகிறவர். நிதானமாகச் சொன்னார்: "யானை அறைஞ்சா கன்னத்துல கோடு விழாது மாப்ள. ஆளு விழுந்துருவான்." அப்படியும் பெண் கொடுத்தார். பொய் சொல்லத் தெரியாத பையன் என்று நினைத்திருப்பார்.

கோடு போட்டது இந்த மாதிரி ஒரு வண்டிதான். பெரிய எஞ்சினைக் கிளப்ப, பக்கத்தில் ஒரு குட்டி பெட்ரோல் எஞ்சின் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். நாம் இழுத்தால் சில சமயம் அதுவும் நம்மைத் திருப்பி இழுக்கும். கயிறு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் கன்னத்தில் விளாசியது. ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. பாஷா பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "கயிறு நல்லாத்தான் இருக்கு, மறுபடி சுத்து" என்றார்.

பாஷா பாய் ஓசூரில் பட்டறை வைத்திருந்தார். நான் அவரிடம் ஃபிட்டர். அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் இருந்தேன். எனக்கும் மெஷினுக்கும் ஒத்துப்போகவில்லை என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். அதனால் மெஷின் ரிப்பேர் செய்யும் வேலைக்கு வந்தேன். பாய்க்குக் கோபம் வந்தால் பானா, அதாவது ஸ்பானர், பறக்கும். எந்த சைஸ் பானா எவ்வளவு வலிக்கும் என்பதைத்தான் தொழிலில் நான் முதலில் கற்றேன்.

அந்த வண்டி பாகலூர் பக்கத்து விவசாயி எல்லப்பாவுடையது. அவருடையது என்று சொன்னால் அவர் தம்பி முனிராஜு அடிக்க வருவார். அண்ணன் அதை ஓட வைக்கவேண்டும் என்றார். தம்பி வெட்டி இரும்பாக விற்கவேண்டும் என்றார். இரண்டு தடவை கைகலப்பு. கடைசியில் ஊர்க்காரர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள்: யுகாதிக்குள் வண்டி தன் காலில் நகர்ந்தால் அண்ணனுக்கு, நகராவிட்டால் இரும்பு வெட்டுகிற கேஸ் கட்டருக்கு.

"எதுக்கண்ணா இந்தத் துருவுக்கு இவ்ளோ பாடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

எல்லப்பா பீடியை அணைத்தார். "எங்கப்பன் இதும்மேல உக்காந்துதான் செத்தாரு. தல தொங்கிப்போச்சு, எஞ்சின் மட்டும் ஓடிக்கினே இருந்துச்சு. நாந்தான் ஏறி நிறுத்துனேன். அன்னிக்கு நின்னது. நாந்தான கிளப்பணும்?"

நான் அதற்குப் பிறகு ஜோக் அடிக்கவில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும்.

அந்த வேலையை ரிப்பேர் என்று சொல்வது பாவம். அது சண்டை. பட்டைகளைக் கோத்திருக்கும் பின்கள் துருவேறி இரும்போடு இரும்பாக ஒட்டியிருந்தன. பின்னின் முனையில் நான் கம்பியை வைத்துப் பிடிக்க, பாய் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் பல் வரைக்கும் அதிரும். "கண்ணை மூடாதே. நீ மூடினா எனக்கு பயமாவுது" என்பார். ஒரு அடி வழுக்கி என் கட்டைவிரல் நகத்தைக் கொண்டுபோனது. முன்பக்கத்து ஸ்பிரிங்கைக் கழற்றும்போது போல்ட் தெறித்தது. ஆள் தொடை தடிமன் ஸ்பிரிங் என் காதோரமாகப் போய், எல்லப்பாவின் மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஓட்டை போட்டு, உள்ளே இருந்த கல்தொட்டியை இரண்டாகப் பிளந்தது. மாடு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை இன்றும் சில பேங்க் மேனேஜர்களிடம் பார்க்கிறேன்.

முனிராஜு தினமும் வேலியோரம் வந்து நிற்பார். "என்னா பாய், பொணத்துக்கு ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு. எழுந்ததும் முதல்ல உன்னைத்தான் கேக்கும்" என்பார் பாய். சொன்ன நேரம் சரியில்லை.

யுகாதி வந்தது. தம்பி தயாராகவே வந்திருந்தார். இரும்புக் கடைக்காரர்கள் கேஸ் சிலிண்டரோடு மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஊரே விவாதித்தது, வண்டிக்குத்தான் டயரே இல்லையே. எல்லப்பா இரண்டு பட்டைக்கும் கீழே கை கொண்டமட்டும் வைத்தார். கயிற்றை அவரே இழுத்தார். குட்டி எஞ்சின் கத்தியது, பெரிய எஞ்சின் இருமியது, கரும்புகை போனது, ஓடியது. டீசல் லீவர் தேய்ந்துபோய்த் தானாக இறங்கி எஞ்சினை நிறுத்தப் பார்த்தது. பாய் அதைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார். அவர் எதையும் அரைகுறையாகக் கட்டமாட்டார்.

ஓட்டவேண்டிய எல்லப்பா, அப்பன் உட்கார்ந்து செத்த சீட்டைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். "நீ ஏறு சாமி" என்றார் என்னிடம். ஏறினேன். கியரைப் போட்டேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி நகர்ந்தது. ஊர் கைதட்டியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கிளட்ச் லீவரை இழுத்தேன். அது என்னோடு வந்துவிட்டது, கிளட்ச் வரவில்லை. திருப்புகிற லீவர்களை இழுத்தேன். உள்ளே துருப்பிடித்து அவையும் ஒட்டியிருந்தன. டீசலை நிறுத்தலாமென்றால் கட்டுக்கம்பி, கட்டிங் பிளேயரோ பாய் கையில். எல்லப்பா தெலுங்கில் "ஆபுரா" என்றார். யாரோ கன்னடத்தில் "நில்ஸு" என்றார். பாய் "ரோக்கோ" என்று ஓடிவந்தார். நான் தமிழில் அம்மாவைக் கூப்பிட்டேன். வண்டிக்கு எந்த மொழியும் தெரியவில்லை. வேலிக் கல்தூண்களை முறித்தது. முனிராஜுவின் புது பைக் மேல் ஏறியது. பைக் அலறுவதுபோல் ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தகடானது. சிலிண்டரை உருட்டிக்கொண்டு இரும்புக் கடைக்காரர்கள் ஓடினார்கள். கடைசியில் அந்த நிலத்து மூலையில் இருந்த குண்டுப்பாறையில் முட்டி, பட்டைகள் மண்ணைத் தோண்ட, முக்கி முக்கி நின்றது.

புழுதி அடங்கும் முன்பே முனிராஜு சம்மட்டியோடு வந்தார். குறி என் தலை. குனிந்து தப்பித்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். இறங்கலாமென்று கால் வைத்த இடத்தில் படி இல்லை, விழுந்தேன். என் தலை இருந்த இடத்தைத் தாண்டிய சம்மட்டி, சீட்டுக்குப் பின்னால் இருந்த டீசல் டேங்கில் இறங்கியது. கோயில் மணிபோல் ஒரு சத்தம்.

எல்லப்பா தம்பியின் கழுத்தைப் பிடித்தார். அண்ணன் தம்பி சண்டையில் நியாயம் எதுவும் கிடையாது. முட்டினார்கள், கடித்தார்கள், புரண்டார்கள். பிரிக்கப்போன பாய்க்கு மூக்கில் விழுந்தது. அண்ணனின் விரல் பின்பக்கமாக மடிந்தது, தம்பியின் வாயெல்லாம் ரத்தம். மூச்சு வாங்க உட்கார்ந்தபோது எல்லப்பா கேட்டார்:

"நகந்துச்சா இல்லியாடா?"

முனிராஜு ஒரு பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். பைக்கைப் பார்த்தார். "நகந்துச்சு" என்றார். எழுந்து போனார்.

அதன்பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லை. கிளட்சைச் சரிசெய்து முடித்த நாளில் டேங்க் பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தச் சுத்தியலை எடுத்தேன். எல்லப்பா என் கையைப் பிடித்தார், கட்டுப்போட்ட விரலோடு.

"அதத் தொடாத. என் தம்பி போட்டது. வேற என்னா இருக்குது அவன்துன்னு."

இருவரும் இன்று இல்லை. அந்த நிலத்தில் கம்பெனிப் பையன்களுக்கான வாடகை ரூம்கள் வரிசையாக நிற்கின்றன. குண்டுப்பாறைகூட ஜல்லியாகப் போய்விட்டது. வண்டியை மகன்கள் யாருக்கோ தள்ளிவிட்டதாகக் கேள்வி.

ரிசார்ட்டின் அந்த மேடையேறி, சீட்டுக்குப் பின்னால் கையை விட்டேன். "என்னாங்க, பொண்ணு மாப்ளய உட்டுட்டு வண்டியத் தடவிக்கினு நிக்கறீங்க" என்றாள் மனைவி. ஏறக்கூடாது என்று சொல்ல வந்த மேனேஜர் பையன், என் தலை நரையைப் பார்த்துச் சிரித்தான். "பாகலூர் பக்கத்துல ஒரு பெரியவரோட வண்டி சார். டேங்குல இவ்ளோ பெரிய பள்ளம் இருந்துச்சு. ஃபுல்லா பட்டி பாத்து ரெடி பண்ணிட்டோம். இப்ப ஒரு டேமேஜ் கிடையாது."

நன்றாகத்தான் பார்த்திருந்தார்கள். மூன்று தடவை தடவினேன். கை எங்கேயும் தட்டவில்லை.