விரதத்தில் ஏறிய அடர்த்தி

என் அக்கா மார்பகப் புற்றுநோயில் போனவள். அன்றிலிருந்து ஆண்டு தவறாமல் மேமோகிராம் என்னும் மார்பகப் படம் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் பயம்தான். இந்த ஆண்டு கூடுதலாக இருந்தது. படம் நல்லபடியாக வரவேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்து, தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தேன்.

பூசம் முடிந்த வாரமே படம் எடுத்தார்கள். அண்மையில் உடல் இளைத்ததா என்று படிவத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று போட்டேன். நோய் வந்து இளைத்தால்தானே சொல்லவேண்டும்? சாமிக்காக இளைத்ததையெல்லாம் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுப்பார்களா?

இரண்டே நாளில் போனில் கூப்பிட்டுவிட்டார்கள். மார்பில் கொழுப்பு எவ்வளவு, அடர்ந்த திசு எவ்வளவு என்று இப்போது கணினியே அளந்து சொல்கிறதாம். போன ஆண்டைவிட என் அடர்த்தி நன்றாக ஏறியிருந்ததாம். அடர்ந்த திசு படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான், இருந்தால் மறைந்துகொள்ளும், அதனால் இரண்டு நாள் கழித்து வந்து ஸ்கேன் செய்து பார்க்கவேண்டும் என்றார் தாதி. மகள் கார் ஓட்டினாள். ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் நான் முருகனோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், மகள் வயதிருக்கும். இரண்டு ஆண்டுக் கணக்கையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"பாருங்கம்மா, அடர்ந்த திசு போன வருஷம் இருந்த அளவேதான். கொழுப்புதான் கொறைஞ்சிருக்கு. அதான் சதவீதம் ஏறிடுச்சு. நல்லா இளைச்சிருக்கீங்களே, ஃபார்ம்ல இல்லைன்னு போட்டிருக்கீங்க?"

"விரதம் இருந்தேன், டாக்டர்."

"எதுக்கு?"

"இந்தப் படம் நல்லா வரணும்னு."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எழுதியிருக்கலாம்லா, ம்மா. ரெண்டு நாளா நான் தூங்கவே இல்ல."

அடுத்த முறை படத்தை எடுத்துவிட்டு விரதம் இருங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்தார். வெளியே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன், கூடவே அழுகையும் வந்தது. என்னம்மா என்று மகள் பதறினாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அக்கா போனது ஐம்பத்து மூன்று வயதில். எனக்கு அடுத்த மாதம் ஐம்பத்து நான்கு பிறக்கிறது.