பிளக்குக்குள் ஒரு வெள்ளி ஃபியூஸ்

கிளெனிஸ் தன் குளிர்கால மேல்கோட்டையும் துணிமணிகளையும் எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள். தங்கை ஏவிஸின் வீட்டில், ஸ்கார்பரோ கடற்கரையைப் பார்த்த அறை ஒன்று அவளுக்காக ஒழித்து வைக்கப்பட்டிருந்தது. இனி அங்கேதான் என்று முடிவாகிவிட்டது. ஹடர்ஸ்ஃபீல்ட் ஸ்டேஷனிலிருந்து தன் வீட்டுக்கு மேடேறி வந்ததில் முட்டி இரண்டும் கெஞ்சின. காலிப் பெட்டியை மாடிப்படிக்குக் கீழே வைத்தபோது முன்னறையில் ஆம்பளைக் குரல்கள் கேட்டன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அல்லவா, சங்கம் கூடியிருக்கிறது.

சங்கம் என்றால் நாலு பேர். புருஷன் நெவில், பல் செட் செய்யும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ராய்ஸ்டன், அவருடைய பழைய கூட்டாளிகள் இருவர். எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பாட்டைக் கேட்கிறோம் என்று கூடுவார்கள். ஆனால் கேட்பது பாட்டை இல்லை, பாட்டுக்கு வரும் கரண்டை.

நெவில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். இன்ஜின் சத்தத்தில் நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு இசைத்தட்டு போடுவார். அதில் டிரம்ஸ்காரன் பித்தளைத் தட்டைக் கம்பிப் பிரஷால் மெல்லத் தடவும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்ததும் விரலைத் தூக்கிக் காட்டுவார். கிளெனிஸும் கேட்டுத் தலையாட்டுவாள். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் சண்டையே வராத நேரம் என்றால் அதுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பிரஷ் சத்தம் காணாமல் போனது. போனது என்று நெவில் சொன்னார். ஊசியை மாற்றினார், வயரை மாற்றினார். அப்புறம் ராய்ஸ்டன் வந்து சேர்ந்து, வீட்டுக்குள் வரும் கரண்டே அழுக்கு என்று ஓதினார். சுவரில் இருந்த சாக்கெட்டுகளைப் பெயர்த்துவிட்டு சுவிட்ச் இல்லாத சாக்கெட்டுகளை மாட்டினார்கள். சுவிட்ச் இருந்தால் கரண்டு அங்கே தடுக்கி விழுமாம். மேசை விளக்கை அணைக்க வேண்டுமென்றால் கிளெனிஸ் சோபாவுக்குப் பின்னால் மண்டி போட்டுத் தவழ்ந்து பிளக்கைப் பிடுங்க வேண்டும். அவளுடைய நாற்காலியும் மாடிக்குப் போய்விட்டது, அது சத்தத்தை மறிக்கிறதென்று.

அவள் போனதற்கு நாற்காலி காரணமில்லை. நெவில் அவள் சொல்வதைக் காதில் வாங்குவதே இல்லை, அதுதான். சமையலறையிலிருந்து ஒன்று கேட்டால் வேறொன்றுக்குப் பதில் வரும், அல்லது பதிலே வராது. போன ஞாயிறு பாத்திரம் கழுவிக்கொண்டே, துணிச்சலையெல்லாம் திரட்டிக்கொண்டு, "நெவில், நான் ஏவிஸோடயே போய் இருந்துடலாம்னு பாக்குறேன்" என்று சொன்னாள். முன்னறையிலிருந்து, "சரி கண்ணு" என்று குரல் வந்தது. அவ்வளவுதான். கையில் பிடித்த தட்டோடு கொஞ்ச நேரம் நின்றாள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒரு "சரி கண்ணு"! மறுநாள் ரயிலேறினாள். எப்போதும் போலத் தங்கையைப் பார்க்கப் போகிறாள் என்கிற மாதிரி அவர் வாசலில் நின்று கையசைத்தார். அந்தக் கையசைப்புதான் அவளை இன்னும் எரித்தது.

இப்போது நடையில் நின்று மேல்கோட்டைத் தேடுகிறவளுக்குத் தலைக்கு மேலே எங்கேயோ 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து மறுபடி, கீச்.

நிமிர்ந்து பார்த்தாள். முன்னறை வாசலுக்கு நேர் மேலே, உத்தரத்தில் புகை அலாரம். பேட்டரி தீர்ந்துபோனால் அது இப்படித்தான் கத்தும், மாற்றும்வரை விடாது. எத்தனை நாளாகக் கத்துகிறதோ.

கதவு அகலத் திறந்துதான் இருந்தது. உள்ளே நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, தேவாலயத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இசைத்தட்டு ஓடி நின்றது. அந்த ஊர் பிளக் ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். ராய்ஸ்டன் பிளேயரின் பிளக்கைப் பிரித்து, புதிதாக வாங்கிப் போட்டிருந்த வெள்ளி ஃபியூஸை நெம்பி எடுத்துக் காட்டினார்.

"பாத்தியா, அம்புக்குறி போட்டிருக்கான். கரண்டு இந்தப் பக்கமா போகணும். இப்ப கேட்டியே, எப்படி இருந்துச்சு? பட்டு மாதிரி இல்ல?"

"பட்டேதான்" என்றார் ஒருவர்.

"அந்தப் பித்தளைத் தட்டுக்கு மேல காத்தே தெரியுதுப்பா" என்றார் இன்னொருவர்.

கீச், என்றது அலாரம். ஒருவரும் அசையவில்லை.

"எனக்குக் கேக்கல" என்றார் நெவில். குரல் தளர்ந்திருந்தது. "நெஜமா கேக்கல, ராய்ஸ்டன். ஃபியூஸைத் திருப்பிப் போட்டுப் பாரேன்."

"முதல்ல நீ காதைத் திறந்து வை, அப்புறம் ஃபியூஸைக் குறை சொல்லலாம்."

கீச்.

கிளெனிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பின் மணி அடித்து அடித்து ரொட்டி கருகிய நாட்கள், எடுக்கப்படாத ஃபோன், தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்றல்லவா இத்தனை காலம் பொருமிக்கொண்டிருந்தாள்! கீச்சென்ற மெல்லிய சத்தம் எதுவும் அவர் காதில் விழவே இல்லை; அவளுடைய குரல் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, வார்த்தைகள் போய்ச் சேரவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அது எத்தனை நாளா கத்திக்கிட்டிருக்கு?" என்றாள்.

நாலு தலையும் திரும்பின. "எது?" என்றார் நெவில்.

அவள் விரலை உயர்த்திக் காத்திருந்தாள். கீச். "இதோ, இது."

நாலு பேரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராய்ஸ்டன்தான் முதலில் செருமினார். "ஆமாமா, வந்ததுமே சொல்லணும்னு இருந்தேன், பேச்சு வாக்குல மறந்துட்டேன்."

"என்ன மாதிரி கத்துது, சொல்லு பாக்கலாம்" என்றாள் கிளெனிஸ்.

ராய்ஸ்டன் தொப்பியைத் தேட ஆரம்பித்தார். மழை வரும்போல இருக்கிறது என்று மற்ற இருவருக்கும் சட்டென்று நினைவு வந்தது. மூவரும் போன பிறகு கிளெனிஸ் ஸ்டூல் போட்டு ஏறிப் பேட்டரியைக் கழற்றினாள்.

நெவில் வெள்ளி ஃபியூஸை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய ஃபியூஸையே போட்டு, பிளக்கை மூடி, ஊசியைத் தட்டின்மேல் இறக்கினார். பிரஷ் வரும் இடத்தில் விரலைத் தூக்கினார். இந்த முறை அது கேள்வியாக இருந்தது.

அவள் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, கீச்சுக் குரலை விட்டுக் கனத்த குரலில் நிதானமாகச் சொன்னாள். "இருக்கு."

"பழைய ஃபியூஸ்லயுமா?"

"எப்பவும் இருந்துச்சு, நெவில். ஒரு நாளும் போகல."

பாட்டு முடிந்து தட்டு சும்மா சுற்றியது. ஊசியைத் தூக்கி வைக்க எழுந்தவர் கண்ணில் நடையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டி பட்டது.

"அவ்வளவு பெரிய பெட்டி எதுக்கு, கண்ணு?"

"போன ஞாயித்துக்கிழமையே சொன்னேன். ஏவிஸோடயே போய் இருந்துடலாம்னு பாக்குறேன்னு. நீயும் சரின்னுட்ட."

நெவில் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ டீ வேணுமான்னு கேக்குறன்னு நெனச்சேன்" என்றார். "ரொம்ப நேரம் பாத்தேன், டீ வரல. எம்மேல ஏதோ கோவம்போலன்னு பேசாம இருந்துட்டேன்."