ஓரத்தில் நின்ற மிருதங்கக்காரர்

எழுபதுகளின் நடுவில், கரமனையில் எங்கள் அடுத்த வீட்டு அம்மாள் பெண்பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தார். வகுப்புக்கு மிருதங்கம் வாசித்த அவருடைய கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வடக்கே ரயில்வே வேலையில் இருந்தபோது அவர் வாங்கிவந்த பழைய சிற்றோவியம் ஒன்று வீட்டில் இருந்தது. நோட்டுப்புத்தக அளவு. நடுவில் கண்ணனும் ராதையும் ஆடுகிறார்கள். இடது ஓரத்தில் ஒருத்தி தாளம் தட்டுகிறாள். வலது ஓரத்தில் ஒருவர், தலையைச் சற்றே சாய்த்து, ராதையின் பாதத்தைப் பார்த்தபடி மிருதங்கம் வாசிக்கிறார். "அது நான்தான்" என்பாராம் கணவர். அவர் வாசித்ததும் அப்படித்தான். போட்டோவுக்கு நிற்காத மனிதர். அந்த ஓரத்து ஆள்தான் அம்மாளுக்கு மிஞ்சிய முகம்.

தாளைப் பூச்சி அரிக்கத் தொடங்கியதால் சட்டம் போட நினைத்தார். கிழக்கேகோட்டையில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடையைச் சொன்னவன் நான்.

அங்கே கொடுத்த படத்தைத் திரும்ப வாங்க மறுவாரம் இருவரும் போனோம். கடை முழுக்கப் புளித்த மைதாப் பசையின் நாற்றம். தயாராக இருந்த சட்டத்தின் அளவுக்குப் படத்தை இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள். கண்ணாடிமேல் சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று.

"அவர் எங்கே?" என்றார் அம்மாள்.

"எவரு?"

"மிருதங்கம் வாசிக்கறவர்."

கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து ஆள். சிரித்தார். "மேளக்காரனா? சாமிய நான் தொடவே இல்ல, பாத்துக்கிடுங்க. பூஜையில வைக்க சாமி போதும்லா?"

படம் வாங்க நின்ற இருவர் தலையாட்டினார்கள். இப்போதுதான் படம் லட்சணமாக இருக்கிறதாம்.

குப்பைக் கூடையைக் கிளறினேன். தாளம் தட்டியவள் மரச்சீவலுக்கு அடியில், வெற்றிலை எச்சிலில் ஊறிக் கிடந்தாள். மிருதங்கக்காரர் அங்கே இல்லை. ஒரு லட்சுமி படத்தின் பின்புறத்தில், அட்டை இடுக்கை மூட அவரை ஒட்டியிருந்தார்கள். கன்னத்தில் பசை வழிந்து, அதில் ஒரு எறும்பு சிக்கியிருந்தது. உரித்துத் தரச் சொன்னேன். மறுநாள் தம்பானூரில் திறக்கப்போகும் ஓட்டலின் கல்லாவுக்கு மேலே மாட்டும் படம், கிழித்தால் தோஷம் என்று மறுத்துவிட்டார்.

அந்தக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பத்திரிகை ஆபீசில் தினமும் சாயங்காலம் புகைப்படங்களின் ஓரத்து ஆட்களைப் பென்சிலால் கோடு போட்டு வெட்டியனுப்புகிறவன் நான்.

அம்மாள் கண்ணனையும் ராதையையும் கடைக்காரரின் மேஜைமேலேயே திரும்ப வைத்தார்.

"இவாளையும் அந்த ஓட்டலுக்கே கொடுத்துடுங்கோ. வாசிக்கறவர் அங்கேன்னா இருக்கப்போறார்."

கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். நல்ல மனசு என்று சொல்லி, இரண்டு படங்களையும் ஒரே கயிற்றில் கட்டினார்.