பி பக்கக் கடைசியில் வரும் அந்த மியூசிக்

குலம் அண்ணை போய்விட்டார். இன்று காலை, தர்மபுரத்தில், மகள் சுதாவின் வீட்டில்.

கிளிநொச்சியில் றெக்கோடிங் பார் வைத்திருந்த அதே குலம் அண்ணைதான். எண்பதுகளின் தொடக்கத்தில் வெறும் கசெற்றும் பாட்டு லிஸ்ட்டும் கொண்டுவந்து அவர் கடை வாசலில் நின்றவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் கசெற் மட்டைகளில் பாட்டுப் பேர் எழுதினவள் நான்.

நாளை பின்னேரம் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் எனக்கு ஒரு மியூசிக் வேண்டும். தயவுசெய்து முழுக்க வாசியுங்கள்... ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடாதீர்கள்.

ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். சினிமாப் பாட்டு ஆறு போட்டால் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். மற்றக் கடைகளில் அதைச் சும்மா விட்டுவிடுவார்கள். அண்ணை விடமாட்டார். சனம் கொண்டுவந்த ரேப்பில் இரைச்சலையா பதிந்து கொடுப்பது என்பார். மிஞ்சின இடத்தில் பாட்டில்லாத மியூசிக் ஒன்றை ஓடவிடுவார். ரேப் முடிகிற இடத்தில் அதுவும் டக்கென்று நின்றுவிடும்.

ஏ பக்கத்துக்கு வேறு வேறு போடுவார். பி பக்கக் கடைசிக்கு எப்போதும் அந்த ஒன்றுதான். பேஸ் கிற்றார் துள்ளித் துள்ளி வரும், பிறகு ட்ரம்ஸ், பிறகு ட்ரம்பெற்றுகள் சேர்ந்து... அதற்கு ஃபங்க் என்று பெயர் என்பதே போன வருடம் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சினிமாப் பாட்டு பழசாகிவிடும். அடுத்த மாதம் வேறு லிஸ்ட்டோடு வருவார்கள். இது மட்டும் பழசாகவே இல்லை. விளையாட்டுப் போட்டிக்கு ட்ரில் பழக்க வேண்டும் என்று ஒரு ரீச்சர் கேட்டு வந்தா. அடுத்த வருடமும் அதையே கேட்டு வந்தா.

வவுனியா ரோட்டில் வான் ஓடின ஒருவர் கசெற் முழுக்க அதையே போட்டுத் தரச் சொன்னார். தமிழ்ப் பாட்டுப் போட்டால் ஒரு ஆமிச் சோதனைச் சென்றியில் பிரச்சினை, சிங்களப் பாட்டுப் போட்டால் இன்னொரு இடத்தில் பிரச்சினை. "இதில ஒரு சொல்லும் இல்லை. ஆர் என்னத்தைக் கேக்கிறது?" என்றார்.

ஒரு சொல்லும் இல்லை. இப்போது அதுதான் என் கழுத்தை நெரிக்கிறது. கூகுளில் என்னத்தை அடிப்பது? போனுக்குள் முணுமுணுத்தால் அதுவே கண்டுபிடிக்கும் என்றான் மகன். மூன்று தரம் முணுமுணுத்தேன். ஒரு சோப்பு விளம்பரத்தைக் காட்டியது.

காலையிலிருந்து யூடியூப்பில் அறுபது எழுபது கேட்டுவிட்டேன். ஒவ்வொன்றின் கீழும் எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் இன்றைக்கும் கேட்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். போன கிழமை எழுதினவர்களும் உண்டு. எங்களுடையது மட்டும் இல்லை. இப்போது எல்லாம் ஒரே மாதிரிக் கேட்கத் தொடங்கிவிட்டது... எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏன் இந்த அந்தரம், அவசரம் என்று கேட்பீர்கள். சுதா அழுது முடித்த பிறகு போனில் சொன்னாள்.

"ஒரு மாசமா அப்பா அந்த மியூசிக்கைப் போடச் சொல்லிக் கேட்டவர், அன்ரி. பேர் மறந்துபோச்சாம். வசந்தியைக் கேள், அவள்தான் பேரை எழுதினவள் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர். உங்கட நம்பர் எடுக்கேலாமப் போச்சு. நாளைக்கெண்டாலும் போட்டு அனுப்புவமே?"

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

நான் அந்தப் பேரை எழுதவே இல்லை.

77 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு கிளிநொச்சிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். கையெழுத்து வடிவு என்று அண்ணை வேலை தந்தார். இங்கிலீசும் எழுதுவாயா என்று கேட்டார். வேலை கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தில் அன்றைக்கும் ஓம் என்றுதான் சொன்னேன்.

ஒருநாள் ஹெட்போனும் காதுமாக மெஷினுக்கு முன்னால் இருந்தபடி, ரெக்கோட் அட்டையிலிருந்த பேரை எனக்கு வாசித்தார். நீளமான இங்கிலீஷ் பேர். "அட்டையைக் கறையான் தின்னுது பிள்ளை. நீ மட்டையில வடிவா எழுதிவை, அதில நிக்கட்டும்."

எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. திரும்பக் கேட்கவும் வெட்கம். 'மியூசிக்' என்று தமிழில் எழுதி, வெறுமையாகத் தெரியாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பூக் கீறினேன்.

"எழுதிப்போட்டியே?"

"ஓம் அண்ணை."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு எல்லா மட்டையிலும் அதையேதான் எழுதினேன். மட்டை எழுதி மூடிக் கொடுப்பது என் பொறுப்பு. கடை இருந்த அத்தனை வருடமும் அவர் ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை.

பிறகு சண்டையில் கடை எரிந்தது. ரெக்கோட், மெஷின், எல்லாம் போய்விட்டது. அந்த மியூசிக் எப்படி முடியும் என்று தெரிந்தவர்கள் அண்ணையும் நானும், முழுசாகக் கேட்டு வாங்கின அந்த ரீச்சரும் வான்காரரும்தான். மற்ற எல்லோருக்கும் அது பாதியில் நின்றுபோன ஒன்று.

கும்பிட்டுக் கேட்கிறேன். உங்கள் அலுமாரிக்கு மேலே, வெளிநாட்டுக்குக் கொண்டுபோன பழைய சூட்கேசுக்குள், எங்கேயாவது எங்கள் கடைக் கசெற் ஒன்று இருந்தால் பி பக்கத்தைக் கடைசிவரை ஓடவிட்டுப் போனில் பதிந்து அனுப்புங்கள். இரண்டு நிமிடம் போதும். ஒரு நிமிடம் என்றாலும் போதும்...

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, காலையில் நான் போனில் விசாரித்த நெளுக்குளத்துத் தங்கச்சி ஒருத்தி வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பியிருக்கிறா. கசெற் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டதாம். மட்டை மட்டும் அவாவின் அம்மாவின் தேவாரப் புத்தகத்துக்குள் இருந்ததாம்.

"இதில பேர் இருக்கும் அக்கா, பாருங்கோ" என்று எழுதியிருக்கிறா.

பெரிதாக்கிப் பார்த்தேன். என்னுடைய எழுத்துத்தான். மை கூட மங்கவில்லை.

பி பக்கம். ஏழாவது. மியூசிக். பக்கத்தில் பூ.

போய் வாங்கோ அண்ணை...

நான் எழுதேல்லை.