பிளாஸ்டர் குழந்தைக்கு மைப்பொட்டு

தொண்ணூற்றாறில், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மில்லிக்கன் கல்யாண மண்டபத்தில் சனம் இருக்கிற கதிரைகளை நான் அடுக்கினேன், பேபி அன்ரி நிலம் துடைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரண்மனை மாதிரி மண்டபம்: சிப்பி வளைவுகள், தங்கப் பூச்சு, சுவரெல்லாம் சிறகு முளைத்த பிளாஸ்டர் குழந்தைகள். அதில் ஒன்றுக்கு, ஊரில் சண்டையில் செத்த தன் மகனின் முகம் என்று, அன்ரி கன்னத்தில் மைப்பொட்டு வைப்பார்.

"வாற சனமெல்லாம் பாக்குது. நாவூறு பட்டிடுமடா."

"அன்ரி, உது வெள்ளைக்காரப் பிள்ளை!"

"வாயை மூடு, குரங்கு."

மனேஜர் பொட்டை அழித்தார். மறுநாள் அந்தக் கன்னம் மட்டும் வெடித்திருந்தது. அன்ரி கீழே நின்று அழுதார்.

அந்தக் குழந்தைகளுக்குப் பகிடிக்கு மீசை வரையத்தான் நான் மார்க்கர் வைத்திருந்தேன். ஏணியில் ஏறிப் பெரிய பொட்டாக வைத்தேன். கன்னம் சூடாக இருந்தது. இறங்கிப் பார்த்தால், மற்றக் குழந்தைகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன.

"அதுகளுக்கும் வை, ராசா," என்றார் அன்ரி.