தண்ணீரில் முங்கிய காபிப் பொடி

1. ஒரு கண்ணாடி டம்ளர்

மகாதேவய்யர் அன்று காலை எங்கள் காபிப் பொடிக் கடைக்கு வந்தபோது ஒரு கையில் பித்தளைச் சம்புடமும் இன்னொரு கையில் கண்ணாடி டம்ளரும் வைத்திருந்தார். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் வீடு. ஹஜூர் கச்சேரி என்ற அரசாங்கத் தலைமை ஆபீஸில் கணக்குப் பார்த்து ரிட்டையர் ஆனவர். எங்கள் கடை இருந்த சாலைக் கடைத்தெருவில் அவரைக் கண்டால் எல்லா வியாபாரிகளும் தராசை ஒருமுறை துடைத்துக்கொள்வார்கள்.

"ஓய் பிள்ளைவாள், கொஞ்சம் பச்சைத் தண்ணி குடும்" என்று எங்கள் முதலாளி ஆறுமுகம் பிள்ளையிடம் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து நானே செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை டம்ளரில் ஊற்றி மேஜைமேல் வைத்தார். சம்புடத்திலிருந்து ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து மேலே தூவினார்.

நல்ல காபிப் பொடி பச்சைத் தண்ணீரில் மிதக்கும். சிக்கரியோ, வறுத்த புளியங்கொட்டையோ கலந்திருந்தால் கீழே இறங்கும். இறங்கும்போதே பழுப்பாகச் சாயம் விடும். இந்தச் சோதனை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அய்யர் தூவிய பொடி நேராக அடியில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் மட்டும் தெளிவாகவே இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

"எல்லாரும் பாத்துக்கோங்கோ. என் கண்ணு முன்னால வறுத்து அரைச்ச பொடியாக்கும் இது! நான் நின்னு வாங்கினதே இப்படின்னா, நீங்கள்ளாம் வாங்கிண்டு போறது எந்த லட்சணத்துல இருக்கும்?"

நின்றிருந்தவர்களில் மூன்று பேர் பையை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஐம்பத்து நாலு வாக்கில் நடந்தது இது. தமிழ் பேசும் நாஞ்சில் நாடு மதராஸோடு போகுமா, மலையாளத்தோடு இங்கேயே இருக்குமா என்று ஊரெல்லாம் பேச்சு. சாலைக் கடைத்தெருவில் தமிழ்க்காரன் கடை, மலையாளத்துக்காரன் கடை என்று பிரித்துப் பார்க்காதவர்கள்கூடப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கடைக்குக் கெட்ட பெயர் வர ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

"எட்டு நாள் தரேன். அதுக்குள்ள சரியாகலேன்னா ஹெல்த் இன்ஸ்பெக்டரோடதான் வருவேன்" என்று சொல்லிவிட்டு அய்யர் போனார்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "லேய் சங்கரா, உள்ள நிக்கது நீயும் வேலாயுதனும் ரெண்டே பேருதான். எவன் கலக்கியான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியலைன்னா ரெண்டு பேரும் வேற சோலி பாத்துக்கிடுங்க."

2. சாம்பலில் கிடந்தது

நான் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டிக்காரன். கரி அடுப்பின்மேல் உருளையைச் சுற்றிக் கொட்டை வறுப்பது என் வேலை. வேலாயுதன் சேட்டன் மலையாளத்துக்காரர், பக்கத்து நேமத்திலிருந்து நடந்து வருவார்; மெஷினில் அரைப்பது அவர் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; அதனால்தான் சேட்டன், அண்ணன். நாலு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறோம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது சொல்லாமல் என் உருளையையும் சேர்த்துச் சுற்றியவர்.

முதலாளி சொன்ன மறுநிமிஷமே அவர் எனக்குத் திருடனாகிவிட்டார். அவர் மெஷினுக்குள் கைவிட்டால் ஏன் விடுகிறார் என்று பார்ப்பேன். தும்மினால்கூட ஏன் அந்தப் பக்கம் திரும்பித் தும்மினார் என்று யோசிப்பேன். மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடாமல் அடுப்புக்குப் பின்னால் தனியாகப் போவார். நாலு வருஷமாகவே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் எனக்கு ஏனென்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அடுப்புச் சாம்பலைக் கிளறியபோது கருகிய தோல்கள் கிடைத்தன. கூடவே, கரிந்துபோன இரண்டு சக்கைக்குரு, நம் ஊர் பலாக்கொட்டை. ஒன்றைக் கல்லில் வைத்து நசுக்கினேன். காபிப் பொடி நிறத்திலேயே பொடிந்தது. அட பாவி, இதைத்தான் கலக்குகிறாயா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரே கொண்டுபோய் முதலாளி கையில் கொடுத்தேன்.

"இது என்னடே?" என்று முதலாளி கேட்டார்.

வேலாயுதன் சேட்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது எனக்க உச்சைக்குச் சாப்பாடாணு மொதலாளி. வீட்டுல அரி வாங்க வழியில்லா. அடுப்புல சுட்டுத் தின்னுவேன். வேற ஒண்ணுமில்லா." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துல நிக்கற ஆளில்லயோ சங்கரா? நான் ஒண்ணும் கலக்கல்லன்னு நீ சொல்லு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசினால் என் வேலையும் போகும் என்று பயம். அதற்கு வேறு பெயர் சொல்லி ஒளிக்க விரும்பவில்லை. முதலாளி வாசலைக் காட்டினார். வேலாயுதன் சேட்டன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

3. என் கையால் அரைத்தது

திருடன் போய்விட்டான் என்று முதலாளி ஆள்விட்டுச் சொன்னதும் அய்யர் மறுபடி வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு என் உருளை பக்கத்திலேயே நின்றார். வறுத்த கொட்டையை ஆற வைக்க நான் தகரத் தட்டை எடுத்தேன்.

"பரத்தாதேடா! ஆற வைக்கறேன், ஆற வைக்கறேன்னு அந்தச் சமயத்துலதானே கைமாத்தறேள்? சூட்டோட அரை."

மெஷினையும் நானே ஓட்டிச் சுடச்சுட அரைத்தேன். பொடி கையைச் சுட்டது. சூடு இருந்தால்தான் புதுசு என்று அவருக்கு நிச்சயம். அப்படியே சம்புடத்தில் போட்டு, மூடியை அழுத்தித் திருகி, நகையைக் கொண்டுபோவதுபோல் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். சம்புடத்தில் கொள்ளாத கொஞ்சத்தை நான் காகிதத்தில் மடித்து அவர் பையில் போட்டதை அவர் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து நாலாம் நாள் அதே டம்ளரோடு திரும்பி வந்தார். பொடி முங்கியது.

"திருடன் போயிட்டான்னேளே ஓய், இப்ப இது யாரு?"

முதலாளி என்னைப் பார்த்தார். வேலாயுதன் சேட்டனைப் பார்த்த அதே பார்வை. நான் எதையும் கலக்கவில்லை. என் கை சுத்தமென்றால், அவர் கையும் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். அப்போதுதான் டம்ளரை உற்றுப் பார்த்தேன். தண்ணீரில் துளிச் சாயம் இல்லை; கலப்படமென்றால் இறங்கும்போதே பழுப்பாகியிருக்கும்.

"சாமி, பொடியை நீங்க வீட்டுல எப்படி வச்சிருக்கீங்கன்னு நான் பாக்கணும்" என்றேன். முதலாளியே திடுக்கிட்டார். அய்யருக்கும் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க ஆசை. சரி வா என்றார்.

அவர் வீட்டில் வாசலை அடுத்த ரேழியில் நின்றேன். அய்யர் சம்புடத்தைச் சுவர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிக் காட்டி, மறுபடி திறந்தார். சாவி பூணூலில் தொங்கியது. "அகத்துல இருக்கறவாளையே நம்பறதுக்கில்லை, கேட்டியா?" என்றார். சம்புடத்தைத் திறந்து மூடியின் உட்புறத்தில் விரலை வைத்தேன். ஈரம். பொடி கட்டி கட்டியாக உறைந்து கிடந்தது. நனைந்த சாக்கின் வாடை.

சமையலறைக் கதவோரம் அவருடைய மருமகள் நின்றிருந்தாள். பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள்: "தெனமும் மூடி வேர்த்துண்டுதான் இருக்கு. சொன்னா, நீ எதுக்கு அதை மோந்து பாத்தேன்னு மாமா கேப்பா. சம்புடத்துல கொள்ளாத மிச்சத்தை நான் காயிதத்துல ஆறவிட்டுப் பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன். எனக்கு அதுலதான் காபி. அமிர்தமா இருக்கு!"

"மிச்சமா? என்கிட்ட சொல்லவே இல்லையே?" என்று அய்யர் சீறினார்.

"சொன்னா அதையும் பூட்டிடுவேளே!"

இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினேன். பாட்டில் பொடி மிதந்தது. ஈரமேறிக் கட்டிபட்ட சம்புடப் பொடி முங்கியது. ஒரே கொட்டை, ஒரே மெஷின், ஒரே கை. அய்யர் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ, நீங்க வெரட்டின அந்த மனுஷன்?"



4. வீட்டில் செய்ய வேண்டியது

காபி நன்றாக வரவில்லை என்று வருகிறவர்களிடம் நான் சொல்வது அன்று கற்றதுதான். வறுத்த கொட்டையைப் பரத்தி முழுக்க ஆறவிட்டு அரைக்கச் சொல்லுங்கள். பொடியும் ஆறிய பிறகே காய்ந்த பாட்டிலில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கெட்டுவிடும். ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். ஃபில்டரில் துளி ஈரம் கூடாது. ஓட்டை அடைத்தால் தணலில் காட்டித் தட்டுங்கள். பொடியை மெல்ல அமுக்கினால் போதும், இடிக்க வேண்டாம். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, கொதி அடங்கியவுடன் ஊற்றுங்கள். இறங்குகிறதா என்று நிமிஷத்துக்கொரு தடவை தூக்கிப் பார்க்காதீர்கள். டிகாக்‌ஷனை அடுப்பில் வைக்கவே கூடாது. பாலைச் சூடாக்கி அதில் சேருங்கள். இத்தனையும் செய்த பிறகு கடைக்காரனைச் சந்தேகப்படுங்கள்.

அன்று மருமகள் பாட்டில் பொடியில் காபி போட்டுக் கொடுத்தாள். அய்யர் குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினார். சாவியை மட்டும் பூணூலிலிருந்து கழற்றவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் முதலாளி, "நீதானல காட்டிக் குடுத்தே, நீயே போயிக் கூட்டிட்டு வா" என்றார். நேமம் வரை நடந்தேன். வேலாயுதன் சேட்டன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, தப்புப் பண்ணிட்டேன் சேட்டா என்று கையைப் பிடித்தேன். அவர் திட்டவில்லை. "நாளைக்கு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வந்தார். மெஷினில் கொட்டையைப் போட்டார். ஸ்விட்சில் கையை வைத்துக்கொண்டு கூப்பிட்டார்: "சங்கரா, வா. வந்து நின்னு பாரு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாளும் கூப்பிட்டார், அதற்கடுத்த நாளும். "வேண்டாம் சேட்டா, போதும்" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். நாஞ்சில் நாடு பிரிந்து நான் நாகர்கோவிலுக்கு வேலை மாறும் வரை இரண்டு வருஷம், ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் என்னைக் கூப்பிட்டார். நான் உருளையை விட்டு எழுந்து போய்ப் பக்கத்தில் நின்ற பிறகுதான் ஸ்விட்சைப் போடுவார்.